மஸ்கெலியாவுக்கு வீடு மாறினோம்

கம்பளையில் எங்களுடையது மாடி வீடு. பிள்ளைகள் இரண்டு பேரும் அங்கேதான் வளர்ந்து, படித்து, ஆளுக்கொரு அறைக்காகச் சண்டையும் போட்டார்கள். மகள் கலியாணமாகிக் கொழும்புக்குப் போனாள். மகன் கனடாவுக்குப் போனான். அதற்குப் பிறகு துணி காயப்போடுவதற்கு மட்டும்தான் நாங்கள் மாடி ஏறினோம். என் கணவர் விஞ்ஞான ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு முழங்கால் வலி. எனக்கு ஹட்டனில் ஓர் அரச அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் வேலை, ஓய்வுக்கு இன்னும் சில வருடங்கள் இருந்தன. தினமும் இருட்டோடு எழுந்து, கினிகத்தேனை வளைவுகளில் தலைசுற்றிக்கொண்டே ஹட்டன் போய்ச் சேர்வேன்.

ஒரு மழை நாளில் மாடியில் ஒழுகிய தண்ணீரைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்.

"இவ்வளவு பெரிய வீட்டுக்கு நம்ம ரெண்டு பேரும் காவக்காரங்க மாதிரி இருக்கோம். இத வித்துட்டு, ஒன் வேலைக்குக் கிட்டவா சின்னதா ஒண்ணு பாப்போமா?"

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். மறுநாளே அவர் தன் நண்பரிடம் போய், "சின்ன வீடு பாத்துக்கிட்டு இருக்கேன்" என்று சொல்லிவிட்டார். நண்பர் சிரித்த சிரிப்பில் அந்தத் தெருவே திரும்பிப் பார்த்ததாம். அன்றிலிருந்து "சிறிய அளவிலான வீடு" என்று பாடப் புத்தகத்துப் பாஷையில்தான் பேசுவார்.

ஹட்டனிலேயே பார்த்தோம். டவுனுக்குள் கிடைத்ததெல்லாம் கடைகளுக்கு மேலே இருந்த வீடுகள். கம்பளைப் படிகளை விட்டுவிட்டு இதைவிடச் செங்குத்தான படிகளுக்கா வருவது? கொட்டகலையில் ஒரு வீடு மனதுக்குப் பிடித்தது, ரயில் நிலையமும் பக்கம். நாங்கள் யோசித்து முடிப்பதற்குள் வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். தலவாக்கலையில் புத்தம் புதிய வீடு, பளபளக்கும் தரை. பின்பக்கம் போய்ப் பார்த்தேன். மண்மேட்டிலிருந்து தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. மேலே நின்ற மரங்கள் எல்லாம் வீட்டுப் பக்கமே சாய்ந்திருந்தன. மண்சரிவில் வீடிழந்தவர்களின் மனுக்களை மொழிபெயர்த்து மொழிபெயர்த்து என் கை காய்த்துப்போயிருக்கிறது. "வாங்க போகலாம்" என்று அவரை இழுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மஸ்கெலியா என்ற பேச்சை எடுத்தது என் சித்தி மகள். "அக்கா, இங்க ஹார்ட்வெயார் கடைக்காரர் ஒருத்தர் வீடு விக்கிறாரு. வந்து பாருங்களேன்" என்று போனில் சொன்னாள். வந்து பார்க்கிறோம் என்று சொல்லிவிட்டாலும் மனம் கொஞ்சம் தயங்கியது. மஸ்கெலியாவுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், ஒரு லயத்து வீட்டில்தான் நான் பிறந்தேன். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய ஒற்றை அறை வீடுகள். எந்த லயத்தில், எந்த அறையில் குடியிருப்பது என்பதைத் தோட்டத்து அதிகாரிகள் சொல்வார்கள். அப்பா அவர்கள் கைகாட்டிய இடத்தில் பெட்டியை இறக்கினார். தாத்தாவும் அப்படித்தான். எங்கள் குடும்பத்தில் யாரும் "இந்த ஊர் வேண்டாம், அந்த ஊர் வேண்டும்" என்று ஊர் ஊராகப் போய்ப் பார்த்ததே கிடையாது. தலவாக்கலை வீட்டை வேண்டாமென்று விட்டு வந்த அன்று, பஸ்ஸில் உட்கார்ந்து இதை நினைத்தபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது உண்மை.

வீட்டைப் பார்ப்பதற்கு முன் பஸ்ஸைப் பார்ப்போம் என்றார் என் கணவர். அங்கிருந்து தினமும் வேலைக்குப் போகப்போவது நான்தானே. சித்தி மகள் வீட்டில் தங்கி, காலையில் ஹட்டன் பஸ் ஏறினோம். பனி இன்னும் ஊரை ஒட்டிய நீர்த்தேக்கத்தின் மேலேயே படுத்திருந்தது.

பஸ்ஸுக்குள் ஏறிய நான் அசந்துபோனேன். நான் உயர்தர வகுப்பு படிக்க ஹட்டனுக்குப் போய்வந்த காலத்தில் அந்த நேரத்து பஸ்ஸில் மரக்கறி மூட்டைகள் இருக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகும் நோயாளிகள் இருப்பார்கள். வெள்ளைச் சீருடையில் நாங்கள் ஓரிரண்டு பேர் நிற்போம். இப்போது பஸ் நிறைய இளம் ஆட்கள். சிங்களப் பாணி ஒசரியும் நம்முடைய சேலையும் கட்டிய ஆசிரியைகள், கழுத்தில் வங்கி அடையாள அட்டை தொங்கும் பையன்கள், தாதிப் பயிற்சிக்குப் போகும் பெண்கள். கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ன, முன்னுக்குப் போங்க" என்று இரண்டு மொழியிலும் கத்திக்கொண்டிருந்தார். முன்னுக்குப் போக இடமே இல்லை.

நோர்வூட்டுக்கு வருவதற்கு முன்னால் பஸ் நின்றது. காற்றில் பெரிய மரமொன்று ரோட்டின் குறுக்கே விழுந்து கிடந்தது. "இன்னிக்கு லேட்டுதான்" என்று ஆளாளுக்குப் போனை எடுத்தார்கள். அப்போது நடுவில் நின்றிருந்த ஒரு பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு இறங்கினாள். இருபத்தைந்து வயதிருக்கும். பையிலிருந்து செம்மஞ்சள் நிற மேலங்கியை எடுத்துப் போட்டுக்கொண்டு மேட்டை அண்ணாந்து பார்த்தாள். டிரைவரிடம் சிங்களத்தில் பேசி பஸ்ஸைப் பின்னால் எடுக்கச் சொன்னாள். பிறகு எங்களிடம் திரும்பி,

"மேல மண்ணு நல்லா நனைஞ்சிருக்கு. யாரும் மேட்டுப் பக்கமா நிக்காதீங்க, இந்தப் பக்கம் வாங்க" என்றாள்.

சத்தம் போடவில்லை. ஆனாலும் எல்லாரும் நகர்ந்தோம். போனில் யாருக்கோ இடத்தைச் சொன்னாள். எதிர்ப்பக்கம் வந்த லொறிகளைத் தூரத்திலேயே நிறுத்த இரண்டு பேரை அனுப்பினாள். கொஞ்ச நேரத்தில் பக்கத்துத் தோட்டத்து ஆட்கள் மரம் அறுக்கும் மெஷினோடு வந்தார்கள். மோட்டார் சைக்கிளில் வந்திறங்கிய போலீஸ்காரர் இங்கே பொறுப்பு யார் என்று டிரைவரிடம் கேட்டார். டிரைவர் அவளைக் கைகாட்டி, "அர மிஸ்", அந்த மிஸ்தான், என்றார். போலீஸ்காரர் நேரே அவளிடம் போனார். எந்தக் கிளையை முதலில் அறுப்பது என்று அவள் சொன்னபடியே வேலை நடந்தது.

வழி திறந்து பஸ் புறப்பட்டதும் அவள் என் பக்கத்தில் வந்து நின்றாள். கையெல்லாம் சேறு. வீதி அபிவிருத்தித் திணைக்களத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர் என்று தெரிந்தது.

"எந்தத் தோட்டம்மா?" என்று கேட்டேன்.

அவள் சொன்ன பெயரைக் கேட்டு என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் பிறந்த தோட்டம்.

"அம்மா இன்னும் கொழுந்து எடுக்கப் போறாங்க, அன்ட்டி. வேணாம்னு சொன்னா கேக்க மாட்டேங்கிறாங்க" என்றாள் சிரித்துக்கொண்டு.

அவள் என் பிள்ளை இல்லை, உறவும் இல்லை. அந்தச் சேற்றுக் கையைப் பிடித்துக்கொண்டே நான் ஹட்டன் வரைக்கும் வந்தேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் அவர், "வீடு எப்படியோ போகட்டும், பஸ் பாஸாயிருச்சு" என்றார்.

வீடும் நன்றாகவே இருந்தது. இரண்டு அறை, ஒரு ஹால், படி ஒன்றுகூடக் கிடையாது. பின்பக்கம் சமதரை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் நீர்த்தேக்கம். கடைக்காரர் நல்ல மனிதர். "மிஸ், பொய் சொல்லி விக்க மாட்டேன். தண்ணிக்குக் கஷ்டமில்ல. காத்தடிச்சா கரண்ட் போகும். சீசன் காலத்துல மலை யாத்திரைக்கு நல்லதண்ணி ஊருக்குப் போற சனத்துல பஸ்ல கால் வைக்க முடியாது" என்றார். அவர் குறைகளைச் சொன்ன விதத்திலேயே எங்களுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

வத்தளையில் கடை வைத்திருக்கும் என் அண்ணன்தான் கோபித்துக்கொண்டார்.

"அந்த மலைய விட்டு எறங்க நாங்க எவ்வளவு பாடுபட்டோம்? நீ திரும்பி ஏறிப் போறேங்குற. சனம் என்ன சொல்லும்?"

"அண்ணே, அன்னிக்கு நம்மள அங்க வச்சிருந்தாங்க. இன்னிக்கு நாலு ஊரப் பாத்துட்டு நானா போறேன். ரெண்டும் ஒண்ணா?"

அவர் படக்கென்று போனை வைத்துவிட்டார். பால் காய்ச்சும் நாளுக்கு வரமாட்டார் என்றுதான் நினைத்தேன். ஆனால் முதல் நாளே அண்ணியோடு வந்திறங்கினார், பெரிய குத்துவிளக்கோடு. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "சாமான் எல்லாம் எங்க வைப்ப?" என்று மட்டும் கேட்டார். பாதிச் சாமான்களைக் கம்பளையிலேயே கொடுத்துவிட்டு வந்தேன் என்றதும் தலையில் அடித்துக்கொண்டார்.

அவர்கள் திரும்பிப் போகும் நாளில் ஹட்டனில் ரயில் ஏற என்னோடு காலை பஸ்ஸில் வந்தார்கள். வங்கிக்குப் போகும் ஒரு பையன் எழுந்து அண்ணனுக்கு இடம் கொடுத்தான். அவ்வளவுதான், அண்ணன் நேர்முகப் பரீட்சை நடத்த ஆரம்பித்துவிட்டார். நீ என்ன வேலை, நீ எந்தத் தோட்டம், எந்த டிவிசன், ஒங்கப்பா பேர் என்ன? பஸ் முழுக்கக் கேட்டார். நடுவில் ஒருவனின் அப்பாவும் அவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள் என்று தெரியவந்தது. அந்தப் பையன் இப்போது நீதிமன்றத்தில் வேலை பார்க்கிறான். அண்ணன் அவன் தோளில் தட்டிக்கொண்டே இருந்தார்.

ஹட்டனில் இறங்கியதும் மூக்கைச் சிந்தி, கைக்குட்டையால் முகத்தை நன்றாகத் துடைத்தார்.

"நீ வந்தது சரிதான்" என்றார். "ஆனா இந்தக் குளிர் எனக்கு ஆகாது. என்னைய வரச் சொல்லாத."

நாங்கள் வந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. கடைக்காரர் சொன்னபடியே கரண்ட் போகிறது. சீசனில் பல நாள் ஒற்றைக்காலில் நின்றுதான் வேலைக்குப் போனேன். பின்னேரங்களில் வீடு திரும்பும்போது ஹால் நிறையப் பிள்ளைகள் இருப்பார்கள். என் கணவர் உயர்தர மாணவர்களுக்கு இரசாயனவியல் சொல்லிக்கொடுக்கிறார், காசு வாங்குவதில்லை. வாசலில் குவிந்து கிடக்கும் ஈரச் செருப்புகளைத் தாண்டித்தான் நான் உள்ளே போக வேண்டும். உட்கார எனக்கு இடமிருக்காது. சமையலறையில் நின்றபடியே என் தேத்தண்ணியைக் குடிப்பேன். சிறிய அளவிலான வீடு எங்களுக்கு நிறைந்துபோயிருக்கிறது.