குங்குமக் கோடு விழுந்த தோட்டா

என் எழுத்து மேலும் கீழுமாகப் போகும். 'ழ' இன்னும் என் கைக்கு அடங்கவில்லை. கருமாதிக்கு வந்திருக்கும் நீங்கள் பொறுத்துக்கொண்டு படிக்க வேண்டும். நான் சொல்லச் சொல்ல எழுதித் தரப் பேத்தி இருக்கிறாள். ஆனாலும் சடையனைப் பற்றி நானே எழுத ஆசைப்பட்டேன்.

சேதி பஸ்ஸில் வந்தது. ஆலங்காயத்தில் மகன் வீட்டோடு இருக்கிறேன். டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது மலையிலிருந்து இறங்கிய பஸ்ஸின் கண்டக்டர் ஒரு துண்டுச் சீட்டை நீட்டினார்.

"பெரியவரே, உங்க ஊர்ப் பையன் குடுத்தான். படிச்சிக் காட்டட்டுமா?"

"குடுங்க, நானே படிப்பேன்."

முதியோர் பள்ளிக்குப் போகத் தொடங்கிய பின் என் பெயருக்கு வந்த முதல் சீட்டு. கடையில் இருந்தவர்கள் கேட்கட்டும் என்று உரக்கப் படித்தேன். "மா...மா...வுக்கு." சிரிப்பு வந்தது. "அப்...பா." அடுத்த சொல்லையும் எழுத்துக் கூட்டி வாய்விட்டுச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அதன் பொருள் எனக்கு எட்டியது. அதே பஸ் மலைக்குத் திரும்பியபோது என்னை ஏற்றிவிட்டார்கள்.

சடையன் என் தங்கை குப்பியின் வீட்டுக்காரன். சீட்டு எழுதியது அவன் மகன். நாங்கள் ஒரே வயது. பயிர்க் காவலுக்கென்று சர்க்கார் லைசென்சு கொடுத்த ஒற்றைக்குழல் துப்பாக்கி எங்கள் ஊரில் அவனிடம் மட்டும்தான் இருந்தது. காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற கூடத்துக்கு ஜீப்புகள் வரத் தொடங்கியிருந்த காலம். புதுத் தோட்டா கிடைப்பது அரிது. சுட்டு முடித்த தோட்டாவின் காலிப் பித்தளைக் கூட்டைப் பத்திரப்படுத்தி, அதிலேயே மறுபடி மருந்து அடைப்பான்.

எல்லாக் கூட்டிலும் அடைத்துவிட மாட்டான். வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பான். அடிப்பக்கத்தை நகத்தால் வருடுவான். கல்மேல் லேசாகத் தட்டிக் காதில் வாங்குவான். நல்ல கூடு கணீரென்று பேசுமாம். கெட்டது தொண்டை கட்டிய ஆள் மாதிரி முனகுமாம். "பொண்ணு பாக்கறப்போகூட இம்மாம் நேரம் பாக்கலியே நீ" என்று நான் கேலி செய்தால், "அதான் உன் தங்கச்சிகிட்ட மாட்டிக்கினேன்" என்பான்.

ஒருமுறை குப்பி, தேய்க்கிற வேலை மிச்சம் என்று, கூடுகளை இரவு முழுவதும் புளிக்கரைசலில் ஊறப்போட்டுவிட்டாள். காலையில் பித்தளை மஞ்சள் போய்ச் செம்பு போலச் சிவந்து கிடந்தது.

"இன்னாடி, புளிக்கொழம்பு வச்சிட்டியா?"

"கல்யாணப் பொண்ணு மாதிரி செவசெவன்னு இல்ல?"

"செவப்பெல்லாம் சரிதான். சத்து போச்சே!"

அத்தனையையும் ஒதுக்கிவிட்டான். அதன் பிறகு புளி போட்டுத் தேய்த்தால் உடனே கழுவிவிட வேண்டும் என்பது அந்த வீட்டில் சட்டம்.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு ஏர், அரிவாள், துப்பாக்கியோடு கூடுகளையும் துலக்கி அடுக்கினார்கள். ஒவ்வொன்றுக்கும் குப்பி சந்தனம் பூசிக் குங்குமம் வைத்தாள். மறுநாள் பகலில் நான் அவன் வீட்டுக்கு ஓடினேன். முதல் நாள் பொழுது சாயும்போதே காட்டுப் பன்றிகள் என் சாமையில் இறங்கியிருந்தன. கதிர் இன்னும் முற்றவில்லை. அந்தச் சாமை போனால் வருஷத்துக்கும் என் வீட்டில் அடுப்பில் வைக்க ஒன்றுமில்லை.

"மச்சான், இன்னிக்கே வரணும்."

"வர்றேன் இரு" என்று எண்ணெய்த் துணியால் கூடுகளைத் துடைத்தான். இருந்ததிலேயே புதிதான கூட்டில், துடைத்த பிறகும் மயிரிழை போலச் சிவப்புக் கோடு ஒன்று நின்றது. மறுபடி துடைத்தான். போகவில்லை.

"குங்குமம்தானே மச்சான், வுடு."

"குங்குமம்தான். எதுக்குள்ள பூந்துக்கினு நிக்குது பாரு."

விரிசல். கண்ணுக்கும் நகத்துக்கும் காதுக்கும் அகப்படாத விரிசல். சுட்டால் கூடு பிளந்து, நெருப்பு சுடுகிறவன் முகத்துக்கே திரும்பும். உடனே மற்றக் கூடுகள் எல்லாவற்றிலும் குங்குமத்தை அப்பித் துடைத்தான். ஒவ்வொன்றாகக் கோடு காட்டின. "வூட்ல இருக்கற குங்குமத்தெல்லாம் துப்பாக்கிக்கே பூசிட்டா எனக்கு இன்னா வச்சிக்கிறது?" என்று குப்பி சத்தம் போட்டாள். தேறியவை இரண்டு.

இரண்டை வைத்துக்கொண்டு மந்தையை எப்படித் திருப்புவது? நான் அழுதுகொண்டே அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். "போன தபா அதுலதானே சுட்ட? இன்னும் ஒரு தபா தாங்கும் மச்சான். எம் புள்ளைங்க சோறு அது."

"வேணாம்."

"நான் சுடறேன், குடு."

"வேணாம். மூஞ்சி உன்னுதா இருந்தாலும் வேணாம்."

அம்மிக் குழவியை எடுத்துவந்து, கோடு விழுந்த கூடுகளை என் கண் முன்னாலேயே தட்டிச் சப்பையாக்கினான்.

இரண்டு வெடியையும் அன்று மாலையே என் சாமைக் கொல்லையில் வெடித்தான். மந்தை கலைந்து ஓடியது. மறுநாளே திரும்பி வந்தது. அறுப்பு முடியும் வரை அவனும் நானும் குப்பியும் என் பிள்ளைகளும் வரப்பில் நின்று தகரம் தட்டினோம். அவன் கொல்லைக்குக் காவல் இல்லாமல் போய், அங்கேயும் பன்றி மேய்ந்தது. அதை அவன் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. குப்பி சொல்லித்தான் தெரியும். பாதிச் சாமை என் வீடு வந்தது. பாதி போனது.

போன வாரம் அவனைப் படுக்க வைத்திருந்தபோது துணியை விலக்கி முகம் பார்த்தேன். துப்பாக்கிக் கட்டையை ஆயுசெல்லாம் அணைத்த வலது கன்னத்தில் சுருக்கம் இருந்தது. தழும்பு ஒன்றும் இல்லை. இரண்டு கண்ணும் முழுதாக மூடியிருந்தன.

அவன் சிரித்துப் பேசியது நிறைய இருக்கிறது. விரல் கடுக்கிறது, அடுத்த வாரம் உட்கார்ந்து அதையும் எழுதுகிறேன். இன்றைக்கு ஒன்று மட்டும். அழுது நிற்கிற சொந்தக்காரனிடம் அவன் சொன்ன 'வேணாம்' என்னிடம் இருக்கிறது. அதை எழுதக் கற்றுக்கொண்டதில் எனக்குச் சந்தோஷம். மூன்றே எழுத்து. கோணாமல் வந்திருக்கிறது.