மலைக்குப் போனவளுக்காக நின்ற படகுகள்

அன்று சாயங்காலம் எஸ்.டி.டி. பூத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், அம்மா, நைனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா, அவருடைய அக்காவான எங்கள் அத்தை, பூத்துக்காரர். பூத்துக்காரரின் மனைவி சாப்பாட்டுத் தூக்கைக் கொடுத்துவிட்டு உடனே போய்விட்டாள், அவளைச் சேர்க்கவில்லை.

என் தங்கச்சியின் போனுக்காகக் காத்திருந்தோம். அவள் இமயமலையில் ஒரு மாத மலையேற்றப் பயிற்சிக்குப் போயிருந்தாள். "புதன்கிழமை கீழ எறங்கிடுவோம், ஆறு மணிக்கெல்லாம் போன் பண்ணிடுறேன்" என்று சொல்லியிருந்தாள். அன்று புதன்கிழமை. மணி எட்டாகிவிட்டது. யாரோ ஒருவர் துபாய்க்குப் பேச வந்தபோது, லைனை அடைக்க வேண்டாம் என்று அத்தை அவரைத் திருப்பி அனுப்பினாள். பூத்துக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பயப்படுவது எனக்கு வேலை மாதிரி. சம்பளம்தான் கிடையாது. நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தபோது நைனாவின் போட்டில் எஞ்சின் நின்றுபோய், அவர் நாள்கணக்கில் கடலில் மிதந்தார். எங்கள் குப்பத்துப் போட்டுகள் எல்லாம் தொழிலை விட்டுவிட்டுத் தேடிப் போய், பழவேற்காட்டுக்கும் அந்தாண்டையிலிருந்து அவரைக் கொண்டுவந்தன. ஆள் வந்தார், ஆனால் வலை இழுக்கும் தோள் பலம் திரும்பி வரவில்லை. நான் பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டுக் காசிமேட்டில் இறால் உரிக்கும் கம்பெனியில் சேர்ந்தேன். அன்றிலிருந்து வீட்டில் யார் பத்து நிமிஷம் தாமதமாக வந்தாலும் நான் தெருமுனையில் போய் நின்றுவிடுவேன். நைனா மட்டும் அந்தக் கடல் நாட்களைச் சிரித்துக்கொண்டே சொல்வார்.

எங்கள் திருவொற்றியூர்க் குப்பத்தில் இதற்கென்று ஒரு கட்டுப்பாடு உண்டு. வர வேண்டிய நேரத்தில் ஒருவர் கரைக்கு வரவில்லை என்றால், அந்த வீட்டு ஆள் போய் ஊர்த் தலைவரிடம் சொல்ல வேண்டும். அம்மன் கோயில் மணியை அடிப்பார்கள். தகவல் தெரிகிற வரைக்கும் ஒரு போட்டும் மீன் பிடிக்கப் போகாது. தேடத்தான் போகும். நைனா உயிரோடு இருப்பது அந்த மணியால்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன், இன்றும் நம்புகிறேன்.

தங்கச்சி எனக்கு நேர் எதிர். கடல் எங்கள் தெருவை அரித்துக்கொண்டு வந்தபோது சர்க்கார் லாரி லாரியாகக் கருங்கல்லைக் கொண்டுவந்து கரையோரம் கொட்டியது. ஒவ்வொரு கல்லும் ஒரு மாட்டு வண்டி அளவு இருக்கும். வடசென்னையில் மலை என்று ஏதாவது உண்டென்றால் அதுதான். பெண்கள் மீன் கூடையோடு அதைத் தாண்டித்தான் தண்ணீருக்குப் போய் வர வேண்டும். பாசி பிடித்த கல்லில் கால் வைக்கவே எனக்கு உள்ளங்கை வேர்க்கும். அவளோ கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, கையால் எதையும் பிடிக்காமல், கல்லுக்குக் கல் ஏறிப் போவாள். கல்லூரியில் காக்கிச் சட்டை போட்டுப் பரேடு போகும் பெண்களில் அவளும் ஒருத்தி. அங்கே ஒரு முகாமில் அவள் சுவர் ஏறியதைப் பார்த்த பரேடு மேடம், மலைப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். செலவெல்லாம் கல்லூரியுடையது.

பெயர் கொடுத்த நாளிலிருந்து நூலகத்தில் படித்ததையெல்லாம் வீட்டில் வந்து சொல்ல ஆரம்பித்தாள். நான் கைகளில் எலுமிச்சைத் தோலைத் தேய்த்து இறால் வாடையைப் போக்கிக்கொண்டே கேட்பேன். முன்காலத்தில் வெளிநாட்டில் பெரிய பனிமலை ஒன்றில் ஏறிய முதல் பெண் ஒரு வேலைக்காரியாம். ராணியுமில்லை, சீமாட்டியுமில்லை. அதற்கப்புறம் வந்த ஒருத்தி, ஊர் கண்ணுக்குத் தெரிகிற வரை தரையைக் கூட்டுகிற மாதிரி நீளப் பாவாடையோடு நடப்பாளாம். ஊர் மறைந்ததும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போட்டிருக்கும் கால்சட்டையோடு ஏறுவாளாம்.

"எறங்கி வர்றச்சே பாவாட அங்கியே இருந்துச்சாடி?" என்று அத்தை கேட்டாள். அத்தை ராயபுரம் மார்க்கெட்டில் மீன் விற்றவள், பொருள் எங்கே போனது என்பதில்தான் அவளுக்குக் கவலை.

"ஒருவாட்டி மறந்து மேலயே வுட்டுட்டு வந்துட்டாளாம் அத்த. பாவாட இல்லாம ஊருக்குள்ள எப்டி போறதுன்னு, திரும்ப மேல ஏறிப் போய் எடுத்துகினு வந்தாளாம்."

அத்தை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சிரித்தாள். "ஊருக்கு பயந்துகினு மலைய ரெண்டு வாட்டி ஏறிகிறா பாரு!"

ஒரு ஜப்பான்காரப் பெண்ணின் கதைதான் எனக்குப் பிடிக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த கூடாரத்தின் மேல் பனி சரிந்து, அவளை உள்ளேயிருந்து இழுத்து எடுத்தார்களாம். சரியாக நிற்கக்கூட முடியாமல் கிடந்தவள், கொஞ்ச நாளில் எழுந்து உலகத்திலேயே உயரமான சிகரத்தில் ஏறினாளாம். எனக்குப் பனி சரிந்தது வரைக்கும்தான் காதில் விழுந்தது.

"அக்கா, அவ மேல ஏறிட்டா. அதயும் கேளு" என்றாள் தங்கச்சி.

"கேட்டேன், கேட்டேன். எத்தன பேரு தோண்டி எடுத்தாங்க?"

நம் நாட்டுப் பெண்களும் ஏறியிருக்கிறார்கள் என்று அவள் சொன்னபோது நைனா, "அதுங்க மலையில பொறந்ததுங்க. நீ உப்புத் தண்ணியில பொறந்தவ" என்றார். "உப்புத் தண்ணியில பொறந்தா கால் இல்லாமலா பூடும்?" என்று அவள் கேட்டாள். நைனாவுக்கு அந்தப் பதில் ரொம்பப் பிடித்துவிட்டது. இரண்டு நாள் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஸ்வெட்டர் வாங்க வண்ணாரப்பேட்டைக்குப் போனோம். ஆவணி வெயில் மண்டையைப் பிளந்தது. கடைக்காரர் எங்களைப் பார்த்து, "ஸ்வெட்டரா? ஆருக்குமா குளிர் ஜுரம்?" என்றார். அம்மா தன் பங்குக்குத் தேங்காய் எண்ணெய் ஒரு பாட்டில், நெத்திலிக் கருவாடு ஒரு பொட்டலம் வைத்துக் கட்டினாள். கருவாடு விஜயவாடாவைத் தாண்டுவதற்குள்ளேயே ரயிலிலிருந்து இறக்கப்பட்டது என்று அப்புறம் தெரிந்தது. பெட்டியிலிருந்தவர்கள் ஒன்றுசேர்ந்து கெஞ்சினார்களாம்.

அந்தப் புதன்கிழமை எட்டரைக்கு நான் எழுந்தேன். "நான் தலைவராண்ட போறேன்" என்றேன்.

"இன்னாத்துக்கு?" என்றார் நைனா. "அவ கடலுக்கா போய்கிறா? கொஞ்சம் பொறுமையா இரு."

"நீ வராதப்போ அம்மா பொறுமையா இருந்திருந்தா நீ இப்போ குந்திகினு இருப்பியா நைனா?"

மலைக்குப் போனவளுக்குக் கடல் கட்டுப்பாடு பொருந்துமா என்று நான் யோசிக்கவே இல்லை. போனவள் வரவில்லை, சொல்ல வேண்டிய இடம் ஒன்றுதான் எனக்குத் தெரியும். அத்தையும் நானும் கோயிலடிக்குப் போனோம். தலைவர் நாலைந்து போட்டுக்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தார். நான் போய் விஷயத்தைச் சொன்னேன்.

"ஏம்மா, மலைக்கு நம்மகிட்ட எங்க கட்டுப்பாடு கீது?"

பக்கத்தில் இருந்த போட்டுக்காரர் ஒருவர், "நானு டீசல் ஊத்தி, மீனுக்கு ஐஸ் அடிச்சி ரெடியா வெச்சிகிறேன். விடியறதுக்கு முன்ன எறங்கணும். இமயமலைக்கு எந்த முகத்துவாரம் வழியா போறதுன்னு இவங்களையே சொல்ல சொல்லு, போய்த் தேடிட்டு வரேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது.

அத்தை புடவை முந்தியை இழுத்துச் செருகினாள். "உன்ன எவன்டா தேட சொன்னது? உங்கப்பன் வராதப்போ என் தம்பி அடுப்புல வெச்ச சோத்த அப்டியே வுட்டுட்டுப் போனான். ஆம்பள கரைக்கு வரலன்னா ஊரு நிக்குது. பொம்பள வரலன்னா உனக்கு ஐஸ் கரையுதா?"

சிரிப்பு நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் எங்கள் ஊரில் வெளியே போய் வராமல் போனவர்கள் எல்லோரும் ஆண்கள்தான். பெண்கள் கரையில் நின்று அழுதவர்கள். ஒரு பெண் போய், அவளுக்காக யாராவது கரையில் நிற்க வேண்டிய நிலைமை வந்ததே இல்லை. தலைவர் அதைத்தான் யோசித்திருக்க வேண்டும். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வரலன்னா வரலதான். அது இன்னா மலை, கடலு. மணிய அடி" என்றார்.

அந்த ராத்திரியைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. விடிந்தபோது காற்று நன்றாக இருந்தது, தண்ணீர் நல்ல நிறத்தில் இருந்தது, எண்ணூர்ப் பக்கத்துப் போட்டுகள் தூரத்தில் தெரிந்தன. எங்கள் போட்டுகள் எல்லாம் மணலில் வரிசையாக மூக்கைத் தூக்கிக்கொண்டு கிடந்தன. ஆண்கள் கருங்கல் மேல் உட்கார்ந்து பீடி பிடித்தார்கள். மீன் விற்கிற பெண்கள் கூடையைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து உட்கார்ந்தார்கள். நேற்று முகத்துவாரம் கேட்டாரே, அவர் மனைவி ஒரு பாத்திரத்தில் டீ கொண்டுவந்தாள். "அவரு வாய் தான் அப்டி. காத்தால இருந்து கேட்டுகினே கீறாரு, பொண்ணு பேசிச்சா பேசிச்சான்னு" என்றாள். நான் டம்ளரை வாங்கினேன். குடிக்காமல் பூத்து இருக்கும் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்குக் கொஞ்சம் முன்னால் பூத்துக்காரர் தெருமுனையிலிருந்தே கத்திக்கொண்டு ஓடி வந்தார். அவர் என்ன கத்தினார் என்று எனக்குப் புரியவில்லை, முகம் புரிந்தது. கல்லுக்கும் பாசிக்கும் பயப்படுகிற நான் செருப்பில்லாமல் அன்றைக்கு ஓடிய ஓட்டத்தை அத்தை ரொம்ப நாள் நடித்துக் காட்டுவாள்.

"அக்கா?"

"எங்கடி கீற?"

"கீழ வந்துட்டேன்க்கா. ரோட்டு மேல மலை சரிஞ்சி பஸ்ஸு நின்னுபூடுச்சி. நேத்து பூரா பஸ்லயே குந்திகினு இருந்தோம். நீ பயந்துகினியா?"

"இல்ல" என்றேன். "போட்டெல்லாம் நிறுத்திட்டாங்க."

"எந்த போட்டு?"

"எல்லா போட்டும். நேத்து மணி அடிச்சிட்டோம். ஒருத்தரும் எறங்கல."

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று நான் ஹலோ ஹலோ என்று கத்தினேன். அப்புறம்தான் அவள் அழுவது கேட்டது. கூடைச் சுமையோடு விழுந்து முழங்கால் கிழிந்தபோதுகூட அழாதவள்.

"துட்டு ஓடுதுடி, பேசு."

"எனக்காகவாக்கா?" என்றாள். "மொத்த போட்டுமா?" பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, வேகவேகமாகச் சொன்னாள். ஐஸ் சுவரில் பாதியில் கால் மரத்துப்போனதை, கயிற்றின் மறுமுனையில் இருந்த ராஜஸ்தான் பெண் கீழேயிருந்து பாட்டுப் பாடிக்கொண்டே இருந்ததை, கடைசியில் மேலே போய் நின்றதை. "மேல ஒண்ணுமே இல்லக்கா. காத்துதான். ஆனா அவ்ளோ தூரம் தெரியுது. நீ இருந்தா கீழ பாக்காத கீழ பாக்காதன்னு என்ன கொன்னுருப்ப. நானு நல்லா பாத்தேன்."

அம்மா ரிசீவரைப் பிடுங்கினாள். அவள் கேட்டது ஒரே கேள்வி: "எண்ண தேச்சிகினியாமா?" தேங்காய் எண்ணெய் பாட்டிலோடு கல்லாகிவிட்டது என்றும், ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை என்றும் கேட்டுவிட்டு, "நல்ல எண்ணதான வாங்கினோம்" என்று அம்மா வருத்தப்பட்டாள். வெளியே கோயில் மணி மறுபடி அடித்தது. இது வேறு அடி, ஆள் கிடைத்துவிட்டது என்ற அடி. நைனா பூத்துக்குள் வரவில்லை. வாசலில் நின்று, போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "உப்புத் தண்ணியில பொறந்தவ" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அவள் மூக்குத் தோல் கருகி உரிந்த முகத்தோடு ஊர் வந்து சேர்ந்த பிறகு பஞ்சாயத்து கூடியது. வராத ஆள் எங்காவது கரையில் பத்திரமாக இருந்திருந்தால், அன்று கரைந்துபோன ஐஸுக்கு அந்த வீடுதான் பணம் கட்ட வேண்டும். அதுவும் கட்டுப்பாடுதான். முன்பு ஒருவர் பழவேற்காட்டில் சொந்தக்காரர் கல்யாணத்தில் படுத்துத் தூங்கிவிட்டு வந்து கட்டியிருக்கிறார். எங்கள் வீட்டுக்குத் தண்டம் வேண்டாம், பொம்பளைப் பிள்ளை, விட்டுவிடலாம் என்றார் தலைவர். போட்டுக்காரர்களும் சரி என்றார்கள். எனக்கு நிம்மதியாக இருந்தது. கட்ட எங்கே போவது என்று அதற்கு முந்தின நாளே நான் பயப்பட ஆரம்பித்திருந்தேன்.

தங்கச்சி பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து நின்றாள். "போட்டு நின்னது எனக்குதான தலைவரே? அப்போ தண்டமும் எனக்குதான். ஆம்பளைக்கு இன்னா போடுவீங்களோ அதயே போடுங்க."

"திமிரு பாத்தியா" என்று யாரோ சொன்னார்கள். திட்டிச் சொன்ன மாதிரி இல்லை.

இரண்டாயிரத்து நானூறு ரூபாய் போட்டார்கள். நானும் அவளும் மாதாமாதம் கட்டினோம். அவள் அதற்கப்புறம் மேல்பயிற்சிக்குப் போனாள், பெண்கள் மட்டும் போன குழுவில் ஒரு தடவை சிகரம் வரை போனாள், இன்னொரு தடவை பனிக்காற்றில் பாதியிலேயே திரும்பினாள். இப்போது பெரம்பூர்ப் பக்கத்தில் ஒரு பள்ளியில் விளையாட்டு டீச்சர். ஒவ்வொரு தடவை அவள் போகும்போதும் நான் சாப்பிடாமல் கிடப்பேன்.

ஆடித் திருவிழாவில் ஊர்க் கணக்கை மைக்கில் வாசிப்பார்கள். வலை வகை, வரி வகை எல்லாம் முடிந்து கடைசியில் எங்கள் வீடு வரும்: "மலை ஏறி வந்த பெண் வகையில் ஐஸ் பாக்கி." அந்த வரி வரும்போது பெண்கள் பக்கத்தில் கைதட்டல் எழும். அத்தை விரலை வாயில் வைத்து விசிலே அடிப்பாள். பாக்கியைத் தீர்த்துவிட்டால் அடுத்த வருஷம் அந்த வரியை வாசிக்க மாட்டார்கள். கடன் என்றால் எனக்குத் தூக்கம் வராது, ஆனாலும் பணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினால் வீட்டில் ஒருத்தரும் விடுவதில்லை. முந்நூறு ரூபாய் இன்னும் பாக்கி.