பூட்டியிருந்த மூன்றாவது கதவு

பக்கவாதத்தில் ஒரு பக்கம் செயலிழந்த என் கணவரை, ஒரு கையெழுத்துக்காகச் சிவாஜிநகரில் உள்ள அரசு அலுவலகத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். வரிசையில் நிற்கும்போது அவர் என் கையை இறுக்கினார். அவசரம். ஆண்கள் கழிப்பறைக்குள் நான் எப்படிப் போவேன்? மூன்றாவதாக ஒரு கதவு, 'அனைவருக்கும்' என்ற புதுப் பலகையோடு பூட்டிக் கிடந்தது. எழுதிவைத்துவிட்டுப் பூட்டுகிறவர்களை என்ன சொல்ல!

"சாவி சார்கிட்ட இருக்கும்மா. சாப்பிடப் போயிருக்காரு, ஊட்டா முடிச்சிட்டு வருவாரு" என்றார் பியூன்.

எனக்குப் பின்னால் நின்ற திருநங்கை, கணவரின் மறுபக்கத் தோளைத் தாங்கினார். "லேடீஸ்ல யாருமில்லக்கா. கூட்டிட்டுப் போங்க, நான் வாசல்ல நிக்கிறேன்."

உள்ளே போன சற்று நேரத்தில் வெளியே கூச்சல். "ஆம்பளைய உள்ள விட்டுட்டு நீ காவலா?" யாரோ கதவைத் தள்ளினார்கள், திறக்கவில்லை. "அவருக்கு முடியலைங்க, கொஞ்சம் பொறுங்க" என்று வாசலில் நின்றவரின் குரல் மட்டும் கெஞ்சிக்கொண்டே இருந்தது.

வெளியே வந்ததும், பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை அந்தத் திருநங்கையிடம் நீட்டினேன்.

"வேணாங்க்கா. இந்த மாதிரி ஆபீஸுக்கு வர்ற அன்னிக்கு, காலையிலிருந்தே தண்ணி குடிக்க மாட்டேன்."

இப்போதும் வீட்டைவிட்டுக் கிளம்பும்முன் தண்ணீர் குடிக்கும்போது, அந்தப் பூட்டு ஞாபகத்துக்கு வருகிறது.