விட்ட கேள்விக்குத் திரும்ப முடியாத பரீட்சை

எனக்கு எழுபத்தொன்பது வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. எல்லாம் கொச்சி மட்டாஞ்சேரியில் இந்த ஒரே வீட்டில்தான். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். அதற்காக யார் முன்னாலும் கூசியதில்லை.

கடைசி மகள் நர்ஸ். மாப்பிள்ளை இறந்த பிறகு கைக்குழந்தையோடு என்னிடம் வந்துவிட்டாள். டியூட்டி முடிந்ததும் தோப்பும்படியில் ஒரு இன்டர்நெட் கடைக்குப் போய், அங்கிருந்தபடியே மேற்படிப்பு படித்தாள். ஜெயித்தால் வெளிநாட்டு வேலை. குழந்தையைக் கூட்டிப்போக முடியாது. அது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். பேசிக்கொள்ளவில்லை.

முதல் பரீட்சை தாளில் நடந்தது. அவளுக்குச் சின்ன வயசுப் பழக்கம் ஒன்று உண்டு. தெரிந்ததை எழுதிவிட்டு, கஷ்டமானதற்குப் பக்கத்தில் புள்ளி வைத்து, கடைசியில் திரும்பி வருவாள். அடுத்த பரீட்சையைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிவிட்டார்கள். காக்கநாட்டில் பெரிய கட்டிடம். குழந்தையோடு வாசலில் உட்கார்ந்திருந்தேன். சீக்கிரமே வந்துவிட்டாள்.

"என்னடி, அதுக்குள்ள?"

"கஷ்டமானத விட்டுட்டு மேல போனேன். திரும்பிப் போக விடலம்மா. முடிஞ்சதுன்னு அடைச்சிருச்சு."

"தாளா இருந்தா டீச்சர் பிடுங்குற வரைக்கும் விடமாட்ட. இந்தக் கம்ப்யூட்டர் உன்னவிட வீம்பு பிடிச்சது போல."

அவள் சிரிக்கவில்லை. குழந்தை என் தோளில் தூங்கியது. எனக்கு வருத்தமும் இல்லை, நிம்மதியும் இல்லை. பஸ் வந்தது, ஏறினோம்.

தோற்றுத்தான் போனாள். பிறகு அந்த இன்டர்நெட் கடையிலேயே உட்கார்ந்து பழகினாள். ஒரு பதிலைத் தொட்டால் தொட்டதுதான், அடுத்த கேள்வி. வீட்டிலும் அப்படியே ஆனாள். குழம்பில் உப்புப் போட்டால் ருசி பார்ப்பதில்லை. மறுமுறை ஜெயித்தாள்.

விமான நிலையத்தில் குழந்தையை என் கையில் தந்துவிட்டு உள்ளே போனாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று ஒரு தடவை பார்ப்பாள் என்று நின்றேன். பார்க்கவில்லை. நானும் அழவில்லை. வீட்டுக்கு வந்து சாயா போட்டேன். அது அப்படியே ஆறிப்போனது.

அந்தக் குழந்தைதான் ஆறாவது. இப்போது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். மலையாளம் மளமளவென்று வாசிப்பாள்; தமிழ் கொஞ்சம் தடுக்கும்.

மோளே, நான் எழுதினத ஒரு தடவ வாசி. தடுக்குற இடத்த விட்டுட்டுப் போ. அப்புறமா திரும்பி வந்து வாசிச்சுக்கலாம்.