உள்ளே விட்ட துணி

என் அளவுக்கு ஒரு துணி தைத்துத் தர எங்கள் வீட்டில் யாருக்கும் மனசு வந்ததில்லை. கையில் காசில்லை என்று நினைத்துவிடாதீர்கள். காரிமங்கலத்துக்குப் பக்கத்தில் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. தீபாவளி வந்தால் அண்ணனைத் தர்மபுரிக்குக் கூட்டிக்கொண்டு போய், இடுப்பில் கச்சிதமாக நிற்கிற ஜீன்ஸ் எடுத்துக் கொடுப்பார்கள். அவன் மட்டும் என்ன வளராமல் அப்படியேவா இருந்தான்? மளமளவென்று வளர்ந்தான். கேட்டால் அம்மா சொல்வாள், "அவன் பையன்டி. பத்தலன்னா வேற எடுத்துக்கலாம்."

என்னை மட்டும் கடைக்குக் கூட்டிப் போக மாட்டாள். சந்தையில் துணி எடுத்து நேராக டெய்லரிடம் போவோம். அவர் டேப்பை என் மேல் வைத்து அளவு சொல்லி வாயை மூடுவதற்குள், "கூட வெச்சுக்கங்கண்ணா, வளர்ற புள்ள" என்பாள். சட்டையின் சைடில் உள்ளே துணி விட்டுத் தைக்க வேண்டும். பாவாடையில் கீழே மடித்து டக்குப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு வருஷமும் பள்ளிக்கூடம் திறக்கும்போது ஒரு டக்கைப் பிரித்து விடுவாள். மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் சாயம் போகாமல் பட்டையாகத் தெரியும். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள், "இது போன வருசம், இது அதுக்கு முந்தின வருசம்" என்று என் பாவாடையில் விரலை வைத்து எண்ணிக் காட்டிச் சிரித்தாள். ஒன்று வைத்தேன் முதுகில். அதற்கும் எனக்குத்தான் திட்டு விழுந்தது.

வயதுக்கு வந்த பிறகாவது விடுவாள் என்று பார்த்தேன். சுடிதார் தைத்தபோது முன்னைவிடப் பெரிதாகத் தைக்கச் சொன்னாள். "ஒடம்பு தெரியக் கூடாது பாரு." அதுவரை உடம்பு வரப்போகிறது என்று தொளதொளவென்று போட்டேன். அதன் பிறகு உடம்பு வந்துவிட்டது என்று தொளதொளவென்று போட்டேன். நடுவில் ஒரு நாளாவது நான் நானாக இருந்திருக்க மாட்டேனா? அந்த நாளைக்கு ஒரு துணி கிடையாதா?

ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, முதல் சம்பளத்தில் துணிக்கடைக்குப் போனேன். பழக்கத்தில் கை தானாகப் பெரிய சைஸ் குர்த்தியை எடுத்தது. கடைப் பெண் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அக்கா, உங்களுக்கு மீடியம்தாங்க. இதுல ரெண்டு பேர் பூரலாம்." கண்ணாடி முன்னால் மீடியத்தைப் போட்டுக்கொண்டு நின்றேன். தோள் தோளில் இருந்தது. கை மணிக்கட்டில் முடிந்தது. சந்தோஷப்பட வேண்டிய இடம்தான். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. சம்பாதிக்கிற வயசு வரைக்கும் என் சைஸ் எனக்கே தெரியாமல் வளர்த்திருக்கிறார்களே!

அப்புறம் கல்யாணம். பட்டு ஜாக்கெட்டை மட்டும் ஊர் டெய்லர்தான் தைக்க வேண்டும் என்று அம்மா ஒற்றைக் காலில் நின்றாள். டேப் என் மார்பைச் சுற்றி இருக்கும்போதே சொன்னாள், "சைடுல நல்லா துணி விடுங்கண்ணா. நாளைக்கு ஒண்ணு ரெண்டு பொறந்தா ஒடம்பு போடும். பிரிச்சுக்கலாம்."

"அது எனக்குத் தெரியாதுங்களா? கல்யாண ஜாக்கெட்டுன்னாலே விட்டுத்தான் தைப்பேன்" என்றார் டெய்லர்.

இரண்டு பேரும் பேசி முடித்துவிட்டார்கள். டேப்புக்குள் நின்றுகொண்டிருந்தவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கல்யாணமாகி வருஷங்கள் போயின. குழந்தை இல்லை. எனக்கும் வீட்டுக்காரருக்கும் அது எங்கள் பாடு. பார்க்க வேண்டிய டாக்டரைப் பார்த்தோம், அழ வேண்டியதை அழுதோம். ஊருக்கு மட்டும் அது பொதுச் சொத்து.

போன வருஷம் அண்ணன் குழந்தைக்குத் தீர்த்தமலையில் காது குத்தினார்கள். நான் கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு போயிருந்தேன். பெரியம்மா வந்து தோளை அணைத்துக்கொண்டாள். அணைத்த கை அப்படியே அக்குளுக்குக் கீழே இறங்கி, ஜாக்கெட்டின் சைடுத் தையலைத் தடவிப் பார்த்தது. மாட்டுச் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. உள்ளே துணி மொத்தமாக மடிந்திருந்தது அவள் விரலுக்குத் தெரிந்துவிட்டது.

"இன்னும் பிரிக்கவே இல்லியாடி? தெச்சது தெச்ச மாதிரியே கெடக்குதே!"

சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் குனிந்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவள் விடச் சொன்ன துணிதானே அது!

சாயங்காலம் நான் அம்மா வீட்டுக்கு வந்ததும் புடவையை மாற்றிவிட்டு ஜாக்கெட்டைப் புரட்டினேன். வெளிப்பக்கம் கொஞ்சம் மங்கியிருந்தது. உள்ளே விட்டிருந்த துணி மட்டும் கடையில் எடுத்த அன்றைக்கு இருந்த அதே அரக்குச் சிவப்பு. கத்தரிக்கோலை எடுத்தேன். தையல் நூல் தாங்குகிற அளவுக்கு ஓரம் விட்டு, மிச்சத்தை இரண்டு பக்கமும் சரசரவென்று வெட்டினேன்.

"ஐயோ, கிறுக்கி! நல்ல பட்டுடி! நாளைக்குப் பிரிக்கணும்னா என்னாடி பண்ணுவ?"

"வேற தெச்சுக்குவேன். அண்ணனுக்குப் பத்தலன்னா வேற எடுத்தீங்க இல்ல? எனக்கும் வேற தெச்சா ஆவாதா?"

அம்மா கீழே உட்கார்ந்தாள். தரையில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கி, முழங்காலில் வைத்து நீவி, மடித்தாள். எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. அதற்குள் சொன்னாள், "இருக்கட்டும்டி. கொழந்தைச் சட்டைக்குக் கரை வெச்சுத் தெக்கலாம்."

அவள் கையிலிருந்து பிடுங்கினேன். பின்பக்கம் வெந்நீர் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. உள்ளே போட்டேன். பட்டு எரிந்து, முடி கருகுகிற மாதிரி நாற்றம் வீடு பூரா வந்தது. அம்மா அழுதாள். நான் அழவில்லை.

இந்தத் தை மாதம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அதே ஜாக்கெட்டைத்தான் போட்டுக்கொண்டு போனேன். பந்திக்குப் போகும் வழியில் பெரியம்மா பிடித்துக்கொண்டாள். "நல்லா இருக்கியாடி?" என்று அணைத்தாள். கை கீழே இறங்கியது. தையலைத் தேடியது. மேலே போனது, மறுபடியும் கீழே வந்தது. விரலுக்கு எதுவும் அகப்படவில்லை.

"ஏன்டி, துணியே இல்லியே?"

"இல்ல பெரிம்மா. இவ்ளோதான் நானு" என்றேன்.

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.