எத்ரியேவில் வைத்த கால்

உயரமான கட்டிடங்களுக்குப் பெயின்ட் அடிப்பது என் கணவருடைய தொழில். அவர் கயிற்றில் தொங்கும் நாட்களில் எனக்கு வீட்டில் ஒரு வேலையும் ஓடாது. குழம்புக்கு உப்புப் போட்டேனா இல்லையா என்றுகூடத் தெரியாது. அதனால் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்னால் எங்கள் மாதா கோயில் கோபுரத்துக்கு அவர் பெயின்ட் அடிக்கப் போனபோது, மாமனாரை அழைத்துக்கொண்டு மூலக்குளத்திலிருந்து ஆட்டோ பிடித்து நானும் போய்விட்டேன். வீட்டில் உட்கார்ந்து சாவதற்கு நேரில் பார்த்தே சாகலாம்.

பிரான்சில் இருக்கும் கொழுந்தன் ஒரு நாடா ஏணி அனுப்பியிருந்தான். பாறை ஏறுகிறவர்கள் வைத்திருப்பது. கெட்டி நாடாவில் வளையம் வளையமாகத் தைத்திருக்கும். மேலே கொக்கியில் மாட்டி, வளையத்துக்குள் பாதத்தை விட்டு நிற்க வேண்டும். அதன் பெயர் எத்ரியே. குதிரைச் சேணத்தில் கால் வைக்கத் தொங்கும் அங்கவடிக்கும் அங்கே அதே பெயர்தானாம்.

அந்தப் பெயரைக் கேட்டதும் மாமாவைக் கையில் பிடிக்க முடியவில்லை. பிரெஞ்சு ராணுவத்தில் குதிரைகளோடு இருந்தவர் அல்லவா! கோபுர வேலைக்கு முதல் நாள் வீட்டு ஜன்னல் கம்பியில் அதை மாட்டி, மகனை ஏற்றி நிறுத்தி ஒரே அதிகாரம்.

"முழுப் பாதத்த உள்ள உடாதடா. முன்பாதம் மட்டும் வை. உழுந்தா கால் டக்குனு வெளிய வரணும்."

இவரும் அப்பா சொல்லைத் தட்டாத பிள்ளை. தலையாட்டினார்.

மறுநாள் கோபுரத்தின் விளிம்புக்குக் கீழே கை எட்டுவதற்காக எத்ரியேவில் எழும்பி நின்றார். காற்று ஒரு தள்ளுத் தள்ளியது. முன்பாதம் நாடாவிலிருந்து நழுவியதாம். பெயின்ட் வாளி கீழே வந்து சிதறியது. இவர் இடுப்புப் பெல்ட்டில் தொங்கிச் சுவரில் போய் மோதினார். ஐயோ மாதாவே என்று நான் போட்ட சத்தத்தில் கோயிலுக்குள் இருந்தவர்கள் வெளியே ஓடி வந்தார்கள்.

முழங்கை சிராய்த்ததோடு இறங்கி வந்தார். என் பயம் அப்படியே கோபமானது.

"கோபுரமும் குதிரையும் ஒண்ணா மாமா? அவரு கால் முழுசா உள்ள இருந்திருந்தா நழுவியிருக்குமா? தெரியாததுல ஏன் தலையிடறீங்க?"

மாமனாரை எதிர்த்து நான் பேசியதே இல்லை. அவர் கோயில் முற்றத்தில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தபடி, எப்போதும் இழுத்து நடக்கும் தன் இடது காலைத் தடவிக்கொண்டிருந்தார். அது சண்டையில் பட்ட காயம் என்றுதான் ஊரே நம்பியது. என் அம்மா வீட்டில் நானே எத்தனையோ தடவை பெருமையடித்திருக்கிறேன்.

"சண்டையும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா," என்றார். "குதிர மேலருந்து உழுந்துட்டேன். கால் எத்ரியேல மாட்டிக்கிச்சு. அது நிக்காம ஓடுது. மைதானம் பூரா என்ன இழுத்துக்கினே போச்சு. இன்னிக்கும் கண்ண மூடுனா அந்தக் குளம்புச் சத்தந்தான்."

நான் போய் டீ வாங்கி வந்து முதல் கிளாஸை மாமா கையில் கொடுத்தேன்.

டீ குடித்துவிட்டு இவர் திரும்பவும் பெல்ட்டை மாட்டினார். வேண்டாம் என்றேன், விளிம்பு பாதியில் நிற்கிறது என்றார். மாமா அவர் கையைப் பிடித்தார்.

"முழுப் பாதத்தையும் உள்ள வைடா."

சொல்லிவிட்டு நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டார். கோபுரத்துக்கு முதுகு, தெருவுக்கு முகம். எனக்கோ உட்கார முடியவில்லை. நாற்காலிக்குப் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தேன்.

"ஏறிட்டானா?"

"ஏறிட்டாரு மாமா."

"கால் நல்லா உள்ள இருக்கா? பாத்துச் சொல்லும்மா."

அண்ணாந்து பார்த்தேன். கண்ணில் வெயில். அவ்வளவு உயரத்தில் ஆளே விரல் அளவுதான், காலை எங்கே பார்ப்பது?

"இருக்கு மாமா," என்றேன்.