பிரௌனியின் அரிப்பும் ஒரு வாய் குழம்புச் சோறும்

போன வாரம் மெடிக்கல் ஷாப்பில் எனக்கு முன்னால் நின்றவர் கேட்டார்: "நாய்க்கு அரிப்புங்க. மனுசங்க போடுற அரிப்பு மாத்திரையவே குடுங்க. பாதியா ஒடச்சுப் போட்டுக்கிறேன்."

என் வாய் சும்மா இருக்குமா?

"டாக்டர்கிட்ட கேக்காமப் போடாதீங்க சார்" என்றேன்.

திரும்பிப் பார்த்தார். "நீங்க டாக்டரா?"

"இல்ல… ஒரு நாய்க்குப் பக்கத்து வீட்டுக்காரி."

சிரித்துவிட்டார். நான் ஜோக் அடிக்கவில்லை. ஒரு நாயின் அரிப்பு ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தும் என்று சுவருக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்தவள் நான். அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, பெயர்களை மட்டும் மாற்றி எழுதுகிறேன்.

போடியில் எங்கள் அடுத்த வீடு ஜெபமணி அண்ணனுடையது. பஜாரில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். மனைவி கிருபை மதினி. ஒரே மகள் ஷீபா நர்ஸாகி அயர்லாந்துக்குப் போய்விட்டாள். போகும்போது, தான் குட்டியிலிருந்து வளர்த்த பிரௌனியை அம்மா அப்பாவிடம் விட்டுவிட்டுப் போனாள். பிரௌனி… பெயருக்கேற்ற நிறத்தில் ஒரு லாப்ரடார். எதைப் பார்த்தாலும் வாலை ஆட்டும். திருடன் வந்தால் டார்ச் பிடித்து வழி காட்டும் ரகம்.

மதினிக்கு நாயே ஆகாது. அப்படித்தான் எங்கள் எல்லோரிடமும் சொல்வார். "வீடெல்லாம் முடி. எச்சிய வடிச்சுக்கிட்டுக் குறுக்க குறுக்க வருது. ஏ எருமை, தள்ளிப் படு!" எருமை தள்ளிப் படுக்காது. மதினியின் காலிலேயே தலையை வைத்துப் படுக்கும்.

பிரச்சினை ஆடிக் காற்றோடு ஆரம்பித்தது. மேற்கே மலையிலிருந்து இறங்கி வரும் அந்தக் காற்றைப் பற்றி இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஊரே கண்ணைக் கசக்கிக்கொண்டு திரியும் காலம். நாயும் சொறிகிறது, தூசிதான் என்று விட்டுவிட்டார்கள்.

காற்று நின்றது. பிரௌனியின் கால் நிற்கவில்லை.

பாதங்களை நக்கி நக்கிச் சிவக்க வைத்தது. காதில் புளித்த மாவு மாதிரி ஒரு வாடை. வயிற்றுப் பக்கம் திட்டுத் திட்டாக முடி உதிர்ந்தது. சொறியும்போது பின்னங்கால் தரையில் தட்டும் சத்தம்… தட், தட், தட் என்று என் சமையலறை வரைக்கும் கேட்கும்.

தெருவில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசச் சொன்னார் ஒருவர். குளிப்பாட்டும் தண்ணீரில் பினாயில் ஊற்றச் சொன்னார் இன்னொருவர். ஒருநாள் எட்டிப் பார்க்கிறேன், அண்ணன் ஒரு கையில் பிரஷ்ஷும் மறுகையில் கறுப்பாக ஒரு டப்பாவுமாக நிற்கிறார். ஒர்க்‌ஷாப்பில் இருந்து வாங்கி வந்த பழைய இன்ஜின் ஆயில்!

"இதப் பூசுனா எப்பேர்ப்பட்ட சொறியும் போயிருமாம்."

"அண்ணே… அது நக்குமே?"

அண்ணன் குனிந்து பார்த்தார். பிரௌனி அவர் முழங்காலை நக்கிக்கொண்டிருந்தது. டப்பாவைக் கீழே வைத்துவிட்டார்.

இதற்குள் தெருவில் அதற்கு 'சொறி நாய்' என்று பெயர் வந்துவிட்டது. மதினி வீட்டில் வழக்கமாக நடக்கும் பெண்கள் ஜெபக் கூட்டத்தை, "ஒங்களுக்குச் சிரமமா இருக்கும்" என்று நயமாகச் சொல்லி வேறு வீட்டுக்கு மாற்றினார்கள். மதினி, அடுக்கி வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்து, மறுபடி அடுக்கி வைத்தார்.

அதைப் பார்த்த பிறகுதான், "வாங்க, தேனிக்குப் போவோம்" என்று நான் கூப்பிட, மூன்று பேரும் நாயுமாகக் காரில் கிளம்பினோம்.

அங்கே கால்நடை மருத்துவர் ஒரு இளம்பெண். கம்பத்துக்காரர். பிரௌனியின் முடியை விலக்கி விலக்கி உண்ணி இருக்கிறதா என்று தேடினார். தோலைச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். காதுக்குள் பார்த்து முகம் சுளித்தார்.

"உண்ணி இல்ல. சொறிப் பூச்சியும் இல்ல. இது அலர்ஜி. அதனால தோல் கெட்டு, காதுலயும் இன்பெக்‌ஷன் ஆகியிருக்கு. யாருக்கும் ஒட்டாது."

மதினி சட்டென்று கேட்டார்: "இத எங்க சபைக்கு வந்து ஒருவாட்டி சொல்லுவீகளா டாக்டரம்மா?"

டாக்டர் சிரித்தார். மதினி சிரிக்கவில்லை.

பூச்சிக்கடி, தூசி, செடிகளின் மகரந்தம், சாப்பாடு… எதனாலும் அலர்ஜி வரலாமாம். காற்றுக் காலம் முடிந்தும் அரிப்பு விடாததால், முதலில் சாப்பாட்டைச் சோதிக்கலாம் என்றார். இதுவரை என்ன கொடுத்தீர்கள்? சிக்கன், முட்டை, பால் சோறு, பிஸ்கட். என்ன கொடுத்ததே இல்லை?

"மீனு" என்றார் மதினி. "முள்ளு தொண்டையில குத்திருமுன்னு குடுக்கல."

"அப்ப ரெண்டு மாசத்துக்கு மீனும் சர்க்கரைவள்ளிக் கெழங்கும் மட்டும். முள்ளு எடுத்து, உப்பு ஒறப்பு இல்லாம வேக வச்சுக் குடுங்க. வேற ஒரு பருக்கை உள்ள போகக் கூடாது."

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார். "எங்க சொந்தக்காரங்களே தோட்டத்துல நாய்க்குத் திராட்சைய அள்ளிப் போடுவாக. போடாதீங்க. கிட்னி போயிரும்." எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பள்ளத்தாக்கு முழுக்கப் பந்தல் போட்டுத் திராட்சை விளைகிற ஊர் நம்முடையது… எத்தனை நாய்க்கு அன்பாக அள்ளிப் போட்டிருப்போம்?

அண்ணன் கடைசியாகக் கேட்டார். "எப்ப டாக்டரம்மா முழுசா கொணமாகும்?"

"அலர்ஜி முழுசா போகாதுண்ணே. சமாளிக்கலாம். எது ஒத்துக்கிரலையோ அதக் கண்டுபிடிச்சு, அனுசரிச்சுப் போகணும்."

"கல்யாணம் மாதிரிங்கிறீக."

மதினி அண்ணன் கையில் கிள்ளியது எனக்குத் தெரியும்.

மருந்து, காதுக்குச் சொட்டு, தனி ஷாம்பு, வேக வைத்த மீன். சில வாரங்களிலேயே பலன் தெரிந்தது. காது வாடை போனது. வயிற்றில் பூனைமுடி மாதிரி புது ரோமம் முளைத்தது. சுவருக்கு அந்தப் பக்கம் தட்தட் சத்தம் குறைந்தது.

அப்புறம்… மறுபடி ஆரம்பித்தது. முன்னைவிட மோசமாக.

டாக்டர் ஒரே வார்த்தைதான் சொன்னார். "யாரோ வேற எதையோ குடுக்கிறாங்க."

யார்? அண்ணனின் சந்தேகம் தெரு முழுக்கச் சுற்றியது. பால்காரரை நிற்க வைத்து விசாரித்தார். கேட்டில் கம்பி வலை அடித்தார். ஒருநாள் என்னிடமே வந்து, "மாப்பிள்ள முந்தி பிஸ்கட் போடுவாப்புல… இப்பவும் போடுறாப்புலயா?" என்று இழுத்தார். உள்ளேயிருந்து அதைக் கேட்ட என் கணவருக்கு முகம் வாடிவிட்டது. டாக்டர் சொன்ன அன்றைக்கே நிறுத்தியவர் அவர். அண்ணன் அப்படிக் கேட்ட பிறகு அந்தக் கேட் பக்கமே போவதில்லை. பிரௌனி வலைக்குப் பின்னால் நின்று வாலை ஆட்டும். இவர் தெருவின் மறுபக்கமாக நடந்து போவார்.

பிரௌனியின் கழுத்தில் புண் வந்தது. அண்ணன் உடைந்துபோனார்.

"என்னால முடியல தங்கச்சி. அது படுற பாட்ட கண்கொண்டு பாக்க முடியல. தேவாரத்துல நமக்குத் தெரிஞ்சவுக தென்னந்தோப்பு இருக்கு. அங்கன கெடக்கட்டும். ஓடியாடித் திரிஞ்சா சரியாயிரும்."

தோப்பில் யார் அதற்கு முள் எடுத்து மீன் வைப்பார்கள்? யார் காதைத் துடைப்பார்கள்? நான் கேட்கவில்லை. அவருக்கும் தெரியும். ஷீபாவிடம் அவர் சொல்லவில்லை என்பதிலிருந்தே அது புரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச் முடிந்து அவர்கள் வீடு திரும்பும் நேரத்துக்கு லோடு ஆட்டோ வந்து நின்றது. அண்ணன் பின்கதவைத் திறந்தார். தூக்கி ஏற்ற வேண்டும் என்று நினைத்து நானும் என் கணவரும் போயிருந்தோம். வேலையே வைக்கவில்லை… பிரௌனி ஒரே தாவலில் ஏறி உட்கார்ந்துகொண்டது. வண்டி என்றால் அதற்கு உயிர். நாக்கைத் தொங்கப்போட்டு எங்களைப் பார்த்துச் சிரித்தது. நாய் சிரிக்காது என்பவர்கள் அன்று அங்கே இருந்திருக்க வேண்டும்.

வாசலில், சர்ச்சுக்குக் கட்டிய சேலையோடு மதினி நின்றார்.

"எறக்குங்க" என்றார்.

அண்ணனுக்குக் காதில் விழவில்லை.

"எறக்குங்கன்னு சொல்றேன்ல. நாந்தேன் குடுத்தேன்."

"எதக் குடுத்த?"

"சோறு. மத்தியானம் சோறு குடுத்தேன்."

"நீயா? ஒனக்குத்தேன் நாயே ஆகாதே?"

மதினி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே பேசினார். "நீங்க காலையில கடைக்குப் போனா பொழுதடைஞ்சுதேன் வாரீக. இங்கன நானும் நாலு செவரும். ஷீபா இருந்தவரைக்கும் அவளுக்கு ஒரு உருண்ட, எனக்கு ஒரு உருண்டன்னு பெசஞ்சு திம்போம். இப்பத் தட்டு முன்னால ஒக்காந்தா தொண்டையில எறங்க மாட்டேங்குது. இது வந்து கால்மாட்டுல ஒக்காந்து மூஞ்சியவே பாக்குது… ஒரு வாய் அதுக்கு வச்சா, ஒரு வாய் எனக்கு எறங்குது."

"கோழியா வச்ச?"

"கர்த்தருக்குத் தெரியும், ஒரு துண்டு கறி வைக்கல. கோழிக் கொழம்ப மட்டும் ஊத்திப் பெசஞ்ச சோறுதேன். கொழம்புல என்ன இருக்கு?"

அண்ணன் கத்தப் போகிறார் என்று நினைத்தேன். கத்தவில்லை. லோடு ஆட்டோவின் விளிம்பில், பிரௌனிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். மெதுவாகக் கேட்டார்:

"அப்ப நீ சரியாச் சாப்பிடுறதே இல்லையா?"

மதினி உள்ளே போனார். எல்லோருக்கும் காப்பி போட.

நாயை இறக்குவதுதான் பெரிய பாடாகிவிட்டது. ஊர்வலம் போகாமல் இறங்க மாட்டேன் என்று அது உட்கார்ந்துவிட்டது. பிஸ்கட் காட்டிக் கூப்பிடவும் வழியில்லை! டிரைவர் காப்பியைக் குடித்துவிட்டு, அண்ணனையும் பிரௌனியையும் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஒரு ரவுண்டு போய் வந்தார். மகராசி அப்புறம்தான் இறங்கியது. இறங்கிய வேகத்தில் நேராக என் கணவர் மேல் பாய்ந்தது. அவருக்கும் அதற்கும் இடையில் கம்பி வலை இல்லாத நாள் அது. அதன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

டாக்டர் திட்டவில்லை. "கோழி மொத்தமும் கொழம்புலதானம்மா எறங்கியிருக்கும். அதோட வெங்காயம், பூண்டும் நாய்க்கு ஆகாது" என்று பொறுமையாக விளக்கினார். பிறகு, "நீங்க சாப்பிடுற நேரத்துக்கே அதுக்கும் வைங்க. மீனையும் கெழங்கையும் பெசஞ்சு உருண்டையாவே குடுங்களேன், யாரு வேணாங்கிறா?" என்றார்.

இரண்டு மாதச் சாப்பாட்டுக் கணக்கு முதலிலிருந்து தொடங்கியது. இந்த முறை ஒழுங்காக முடிந்தது. முடிவில் டாக்டர் சொல்லி, கோழியை மட்டும் கொஞ்சம் கொடுத்துப் பார்த்தார்கள். சில நாளில் காதைப் பிறாண்ட ஆரம்பித்துவிட்டது. எதிரி யாரென்று சந்தேகமில்லாமல் தெரிந்தது. அதிலிருந்து அந்த வீட்டில் கோழிக் குழம்பு கொதித்தால், பிரௌனி எங்கள் வீட்டு விருந்தாளி.

இப்போதும் காற்றுக் காலத்தில் அது சொறியத்தான் செய்கிறது. வெளியே போய் வந்தால் ஈரத்துணியால் பாதங்களைத் துடைக்கிறார்கள். குளித்த பிறகு காதைத் துடைத்து ஈரம் இல்லாமல் பார்த்துக்கொள்கிறார்கள். புண் என்றால் உடனே தேனி. சமாளிக்கிறார்கள்.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. அதை எந்த டாக்டரும் சொல்லவில்லை. அண்ணன் இப்போது மத்தியானம் கடையைப் பாதி ஷட்டர் இறக்கிவிட்டு வீட்டுக்குச் சாப்பிட வருகிறார். பஜாரில் கேட்பவர்களிடம், "நாய்க்கு முள்ளு எடுக்கணும்ல" என்கிறாராம்!

நம் ஊரில் பாசத்தை யார் வாயால் சொல்கிறோம்? 'நீ இல்லாமல் வீடு வீடாக இல்லை' என்று மதினி ஷீபாவிடம் ஒருநாளும் சொன்னதில்லை. போனில் தினமும் கேட்பதெல்லாம், "சாப்ட்டியா?" மட்டும்தான். சொல்ல முடியாததையெல்லாம் சோற்றில் பிசைந்து வைக்கிறவர்கள் நாம். அப்படி வைத்தவரை எப்படிக் கோபித்துக்கொள்வது?

உங்கள் நாய் விடாமல் சொறிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அப்படியே, உங்கள் வீட்டில் மத்தியானம் தனியாகச் சாப்பிடுவது யார் என்றும் ஒரு தடவை எட்டிப் பாருங்கள்.